இரண்டாவது நிறுவை

என் அத்தை யாரிடமும் ஒரு கேள்வியை ஒரே ஒரு தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. காலையில் கேட்பாள். பதிலை வாங்கிக்கொண்டு, அதை மறந்தே போனவள் மாதிரி கீரை ஆய்வாள், துணி மடிப்பாள், டிவி நாடகத்தில் வரும் மருமகளைத் திட்டுவாள். சாயங்காலம் தேத்தண்ணி நேரத்தில் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் அதே கேள்வி வந்து விழும். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் "செரி" என்பாள். இல்லாவிட்டால் "என்னமோ இருக்கு லா" என்பாள். அந்த "லா"வை எவ்வளவு நீளத்துக்கு இழுக்கிறாள் என்பதை வைத்து நம் நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

இது கொழுந்து மலையில் அவள் படித்த படிப்பு. கேமரன் மலையில் முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவள். எடுத்த கொழுந்தை மலையிலேயே ஒரு தடவை நிறுப்பார்கள். பிறகு லோரியில் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். தேயிலை ஆலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே இறக்கி மறுபடியும் நிறுப்பார்கள்.

"வழியில ஈரம் காயும், கொஞ்சம் கொறையும். அது நாயம். ரொம்பக் கொறஞ்சா நடுவுல எவனோ கை வச்சிருக்கான். ஆனா கூட மட்டும் வரவே வராது. கூட வந்துச்சின்னா தராசே பொய்" என்பாள்.

மனிதர்களின் பேச்சுக்கும் அவளிடம் அதே சட்டம்தான். இரண்டு நிறுவை. அதற்கு மேல் கேட்கமாட்டாள். மூன்றாவது நிறுவை என்று ஒன்று எந்த எஸ்டேட்டிலும் கிடையாது என்பது அவள் வாதம்.

அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போதும் காலையில் யாரிடமாவது சின்னதாக ஒரு பொய் சொல்லிவிட்டால் சாயங்காலம் தேத்தண்ணி நேரத்தில் அதையே சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் சந்தேகத்துக்குத் தப்பியவர்கள் யாரும் இல்லை. கியா பார்ம் சந்தையில் நான் ஸ்ட்ராபெரி கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள். கோலாலம்பூரிலிருந்து வந்த குடும்பம் ஆசையாக ஒரு டப்பாவைத் தூக்கினால், "மேல இருக்கறது செவப்பாத்தான் இருக்கும், திருப்பி அடிய பாருங்க" என்று அவர்களிடம் சொல்வாள். என் கடையில்! என் வியாபாரத்துக்கு அவளைவிடப் பெரிய எதிரி மழைகூட இல்லை.

மாமா உயிரோடு இருந்த காலத்தில் பொய் சொல்வதையே விட்டுவிட்டார். நல்லவர் என்பதால் அல்ல. காலையில் சொன்ன பொய்யைச் சாயங்காலம் வரைக்கும் ஞாபகம் வைத்திருக்க அவருக்குச் சோம்பல். அவராகவே என்னிடம் சொன்னது இது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு வந்து வீடுகளை மூடிய வருஷத்துக்குப் பிறகு அத்தை மழைச் சத்தத்தையும் நம்பாமல் போனாள். தூறல் விழுந்தால் கதவைத் திறந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே வருவாள், பத்து நிமிஷம் கழித்து மறுபடி போய்க் கேட்பாள். அங்கேயும் இரண்டு நிறுவை.

அவளுக்கு ஒரே மகள், கலா. என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். நன்றாகப் படித்து, சிங்கப்பூரில் வேலை கிடைத்து, அந்த ஊர்த் தமிழ்ப் பையன் ஒருவனையே கல்யாணமும் செய்துகொண்டவள். ஞாயிறு தவறாமல் வீடியோவில் பேசுவாள். மகளின் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அத்தை அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

"ஏன் எப்பப் பாத்தாலும் அதே செவுரு? வீட்டுல மத்த எடமெல்லாம் என்னாச்சு?"

சுவரோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். கலா இரண்டு தீபாவளியாக ஊருக்கு வரவில்லை. இரண்டாவது தடவை ஏன் வரவில்லை என்று கேட்டதற்குக் காலையில் லீவு கிடைக்கவில்லை என்றாள். சாயங்காலம் அத்தை மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோது மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். போனை வைத்துவிட்டு அத்தை சொன்ன "லா" அடுப்படி வரைக்கும் கேட்டது.

"போயி நேர்ல பாத்துடணும். நீ வா" என்றாள் என்னிடம்.

"நான் எதுக்கு அத்த? எனக்கும் அந்த ஊரு தெரியாது."

"தெரியாட்டி பரவால்ல. பொய் சொன்னா ஒம் மூஞ்சி செவந்துரும். ஒன்ன நம்பலாம்."

வாழ்நாளில் அவள் எனக்குக் கொடுத்த ஒரே நற்சான்றிதழ் அது.

அதுவரைக்கும் அவள் பாஸ்போர்ட் எடுத்ததில்லை. எடுக்கப் போன அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. கவுண்டரில் கொடுத்த புத்தகத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மலேசிய பாஸ்போர்ட்டின் அட்டை சிவப்பு. அவள் அதைத் தொடவே இல்லை. "எனக்கு எதுக்கு செவப்பு குடுக்கறாங்க? நான் நீலம் லா!" என்று ரவிக்கைக்குள்ளிருந்து துணிப்பையை எடுத்து, அதிலிருந்து நீல ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்துக் கவுண்டர் பெண்ணின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். பிரதமர் முதல் பிச்சைக்காரன் வரை எல்லாருக்கும் சிவப்பு அட்டைதான் என்று நான் மலாயிலும் தமிழிலும் விளக்கினேன். வரிசையில் முன்னால் நின்ற சீனர் தன் புத்தகத்தைக் காட்டினார். பின்னால் நின்ற மலாய்க்கார அம்மாவும் காட்டினாள். இரண்டையும் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தானா ராத்தாவிலிருந்து சிங்கப்பூருக்குக் காலை பஸ். ஏறுவதற்கு முன்பு பஸ்ஸின் நம்பரை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். எல்லையில் இறங்கி வரிசையில் நிற்கும்போது பஸ்காரன் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்றும் பொய்யில்லை, சில சமயம் அப்படியும் நடக்கும். அதிகாரி அவளைப் பார்த்துவிட்டு அனுப்பினார். முப்பது நாள் இருக்கலாம் என்று என் போனுக்குச் செய்தி வந்திருந்தது, படித்துக் காட்டினேன்.

"எம் மக வீட்டுல நான் இருக்கறதுக்கு நாள் சொல்றது யாரு?"

"கவர்மெண்டு அத்த. நம்ம வேற நாடு இல்லையா?"

"கலாவும் நம்ம நாடுதான. அவளுக்கு எத்தன நாளு?"

"அவ அங்கயே வேல செய்றா அத்த. அவளுக்கு நாளெல்லாம் கெடையாது."

"என்னமோ இருக்கு லா" என்றாள். சின்ன "லா"தான். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கலாவின் வீடு பதினான்காவது மாடியில். உள்ளே நுழைந்ததும் அத்தை மகளைக் கட்டிக்கொள்ளும் முன்னால் நேராகப் போய் வீடியோவில் வரும் சுவரை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். "செவுரு நெசந்தான்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதாள்.

முதல் நாள் முழுக்க அந்த ஊர் அவளிடம் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கலா போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல், தேயிலைப் பையைக் கத்திரியால் வெட்டித் தாளில் கொட்டி விரலால் கிளறினாள். "கூட்டிப் பெருக்கனத கட்டி வச்சிருக்கானுங்க" என்றாள். ரயிலில் முன்பக்கம் ஓட்டுகிறவர் இல்லை என்று தெரிந்ததும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆளில்லாம எப்பிடிப் போவும்? எங்கயோ ஒளிஞ்சிருக்கான்" என்று ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்தாள். ரயிலில் இருந்த அத்தனை பேரும் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு இன்னும் பயம். "இத்தன பேரும் சேந்து எத மறைக்கிறாங்க?" என்று என் காதில் கேட்டாள்.

மாப்பிள்ளைமீது அவளுக்கு இருந்த சந்தேகம் தனி. அவர் ரொம்ப மரியாதையாக இருந்தார். சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். "அத்தை, குளிராம இருக்கா, ஃபேன குறைக்கட்டா?" என்று மூன்று தடவை கேட்டார்.

"மூணு தடவ எதுக்குக் கேக்கறாரு? என்னமோ இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் எனக்கும் ஏதோ ஒன்று சரியாகப் படவில்லை. அத்தை பேச ஆரம்பித்தால் கலாவும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். அத்தை "இந்தத் தீபாவளிக்காச்சும் வருவியா?" என்று கேட்டபோது மாப்பிள்ளை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அவர் கையில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது.

இரண்டாம் நாள் காலை மீனும் காய்கறியும் விற்கும் பக்கத்து ஈரச் சந்தைக்குப் போனோம். மீன் கடைக்கு முன்னால் கலா பர்ஸைத் திறந்தபோது உள்ளே இருந்த அட்டைகள் நான்கைந்து ஈரத் தரையில் சிதறின. நான் குனிந்து பொறுக்கினேன். கலா குனியவில்லை. ஒரே ஒரு அட்டைமீது சட்டென்று காலை வைத்துக்கொண்டு நின்றாள். நான் மற்றதையெல்லாம் எடுத்துக் கொடுத்த பிறகு, திரும்பி நின்று, அதை எடுத்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவள் தெரியாமல் ஒரு காகிதத்தைக் காலால் மிதித்தால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள். வளர்த்தவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அது என்னா கார்டு?" என்று அத்தை கேட்டாள்.

"ஆபீஸ் கார்டும்மா. மீனு எது வாங்கலாம்?"

சாயங்காலம் வரைக்கும் அத்தை அதைப்பற்றிப் பேசவில்லை. மீனை ஆய்ந்தாள், குழம்பு வைத்தாள், புளி சரியில்லை என்றாள். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"காலைல கீழ வுழுந்துச்சே, என்னா கார்டு அது?"

"லைப்ரரி கார்டும்மா" என்றாள் கலா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை "என்னமோ இருக்கு லா" என்று சொல்லவில்லை. "செரி" என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கலாவும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியதும் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். கட்டடத்தை ஒட்டி இடுப்பளவு வேலிச் செடி வரிசையாக வெட்டி நின்றது. செடியின் பெயரைப் பலகையில் எழுதியிருந்தார்கள். "ஃபுக்கியன் டீ" என்று நான் படித்துத் தொலைத்தேன். உடனே ஒரு தளிரைக் கிள்ளி, கசக்கி, மோந்து, நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"இது தேயிலையா? தேயிலைய எங்கிட்டயே காட்டி ஏமாத்தறானுங்க!"

"அத்த, செடிய கிள்ளக் கூடாது, பைன் போடுவாங்க."

அவள் காதில் விழவில்லை. கிள்ளிய தளிரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அது லைப்ரரி கார்டு இல்ல. ஐசி. வுழுந்தப்பவே பாத்தேன், அவ போட்டோ இருந்துச்சி. செவப்பு."

"செவப்பா?"

"செவப்பு ஐசி புள்ள. எம் பொண்ணுக்கு செவப்பு ஐசி குடுத்துட்டானுங்க."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் ஊரில் பிறக்காதவர்களுக்கு அந்த வார்த்தை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மலேசியாவில் குடிமக்களுக்கு நீல ஐசி. நாட்டிலேயே இருக்கலாம், ஆனால் நாட்டுக்காரன் இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு. அத்தை எஸ்டேட்டில்தான் பிறந்தாள். பிறந்ததைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சிவப்பு ஐசியோடு இருந்தாள். நீலத்துக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டபோதெல்லாம் மலை இறங்கிப் போனாள். கொழுந்து எடுத்துக்கொண்டே மலாய் வாக்கியங்களைச் சத்தமாக மனப்பாடம் செய்வாள். எங்கே பிறந்தாய் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்களாம். "பதினேழாம் நம்பர் மலை" என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வாளாம். "எத்தன வாட்டி நிறுத்தாலும் ஒரே எட" என்று பெருமையாகச் சொல்வாள். நாற்பத்தேழு வயதில்தான் நீலம் கிடைத்தது. மனிதர்களை அவள் இப்படி நிறுத்துப் பார்த்ததற்குக் கொழுந்து மட்டும் காரணமில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவளையும் அத்தனை வருஷம் நிறுத்திருக்கிறார்கள்.

கலாவுக்கும் சிக்கல் இருந்தது. எஸ்டேட் ஆபீஸ் கிராணி பிறப்பைப் பதியும் ஃபாரத்தை நிரப்பும்போது கலைச்செல்வியைக் காளிச்செல்வி ஆக்கிவிட்டார். பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர். தன் கையில் இன்னும் சிவப்பை வைத்துக்கொண்டு, மகளின் நீலத்துக்காக அத்தை ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாள். கலாவுக்கு நீலம் கிடைத்த அன்றைக்கு எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு வீடு கேசரி கொடுத்தாள். பல வருஷம் கழித்து, சிங்கப்பூரில் வேலைக்குப் போன கலா அந்த ஊர் ஐசி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதுவும் நீலம்! "எம் பொண்ணுக்கு அங்கயும் நீலம்" என்று அத்தை அதை வாங்கி லயம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். கலா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

நீலமாக இருந்தது இப்போது சிவப்பாகிவிட்டது. அத்தைக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

"மாப்ள என்னமோ பண்ணிட்டாரு. இல்லன்னா அவ வேலையில என்னமோ ஆயிருக்கு. அதான் எறக்கிட்டானுங்க. அதான் ஊருக்கு வரல, எல்லையில புடிச்சி வச்சிக்குவானுங்க. நாளைக்கே கூட்டிட்டுப் போயிரலாம். அங்க அவ நீலம் இருக்கு இல்ல, அது போதும்."

கட்டடத்துக்குக் கீழே ஒரு தமிழர் மளிகைக் கடை வைத்திருந்தார். அத்தை நேராக அவரிடம் போய், தெரிந்தவர்களுக்காகக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஏன் தம்பி, இந்த ஊருல செவப்பு ஐசி வச்சிருக்கறவங்கள என்னா பண்ணுவாங்க?"

அவருக்குப் புரியவில்லை. "செவப்பா? ஓ, பிங்க்கா? என்னம்மா பண்ணுவாங்க, ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அதான் சிட்டிசன் கார்டு. எங்கிட்டயும் அதான்." எடுத்துக் காட்டினார்.

"அப்ப நீலம்?"

"அது பி.ஆர். வெளிநாட்டுக்காரங்க, இங்க தங்கி இருக்கறவங்களுக்கு."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவரும் மாட்டிக்கொண்ட ஆள்தான் என்று நினைத்திருப்பாள். பக்கத்துக் காப்பிக் கடையில் தட்டு எடுக்கும் வயதான தமிழம்மா ஒருத்தியிடம் போனாள். அதே கேள்வி. அதே பதில். அந்த அம்மாவும் இடுப்புப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். அதே நிறம்.

இரண்டு நிறுவையும் ஒன்றாக வந்துவிட்டது. அத்தை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்ற நிம்மதி முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அது நிற்கவில்லை. அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அப்ப அங்க இருக்கற நீலம்?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். இரண்டு நாட்டுக்கும் குடிமகளாக இருக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். "தெரியல அத்த" என்றேன். என் முகம் சிவந்திருக்க வேண்டும். அவள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் கலா வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அத்தை ஆரம்பித்தாள்.

"அந்தக் கார்டு இந்த ஊரு சிட்டிசன் கார்டாமே?"

கலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாம்மா."

"அப்ப நம்ம நீலம்?"

"குடுத்துட்டேம்மா. அதக் குடுத்தாத்தான் இத எடுக்க முடியும்."

"எங்க குடுத்த?"

"நம்ம நாட்டு ஆபீஸ் இங்க ஒண்ணு இருக்கு. கவுண்டர்ல வாங்கிக்கிட்டாங்க."

"ஒரு ரசீதாச்சும் குடுத்தாங்களா?"

"ஒரு கடுதாசி குடுத்தாங்க."

"திருப்பிக் கேட்டா தருவாங்களா?"

அத்தை கையை ரவிக்கைக்குள் இருந்த துணிப்பையின்மேல் வைத்துக்கொண்டாள். தன்னுடையதையும் யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது போல.

"அத வாங்க நான் எத்தன வாட்டி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்மா. நானுந்தான கூட வந்தேன். அதனாலதான் சொல்ல முடியல. ஊருக்கு வந்தா எல்லையில காட்டற பாஸ்போர்ட்ட நீங்க பாத்துருவீங்கன்னு பயந்து பயந்தே வரல." கலா அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அம்மா, மொதல்ல எனக்கு இங்க குடுத்தாங்களே நீலம், லயம் பூரா காட்டுனீங்களே, அது நீலமே இல்லம்மா. அதான் உங்க செவப்பு. இருக்கலாம், வேல செய்யலாம், ஆனா இந்த ஊரு ஆளு கெடையாது. கலருதான் வேற. நீங்க இருவத்தஞ்சு வருசம் அத வச்சிக்கிட்டு என்னா பாடு பட்டீங்கன்னு பாத்தவ நான். எங்க இருக்கோமோ அங்க நம்ம ஆளுன்னு எழுதிக் குடுக்கணும்னு நீங்கதான போயி நின்னீங்க? நானும் போயி நின்னேன்."

மாப்பிள்ளை அடுப்படி வாசலில் ஒரு தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளிடம் கேட்டாள்.

"நீயா கேட்டியா? இல்ல மாப்ள கேக்கச் சொன்னாரா?"

"நானாத்தாம்மா கேட்டேன்."

அத்தை தலையைத் திருப்பி, "அடுப்புல என்னமோ தீயுற மாரி இருக்கு மாப்ள, பாருங்க" என்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் உடனே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கலா கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். அத்தை கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"யாரு கேக்கச் சொன்னது?"

கலா திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்.

"நானாத்தாம்மா கேட்டேன்."

"செரி" என்றாள் அத்தை.

ஆயிரம் தடவை கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தோம். அத்தை தேயிலைப் பையை வெட்டாமல் அப்படியே கொதிநீரில் போட்டுக் குடித்தாள். ரயிலில் யாரும் ஓட்டாததைப் பற்றிப் பேசவில்லை. மாப்பிள்ளை ஃபேனைக் குறைக்கட்டுமா என்று கேட்டால் குறைக்கச் சொன்னாள். எதையும் இரண்டு தடவை கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்து வந்த தீபாவளிக்குக் கலாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தானா ராத்தா பஸ் நிலையத்துக்கு அத்தை ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஸ்வெட்டரோடு நின்றாள். பஸ் வந்ததும் நம்பரைப் பார்த்தாள், இறங்கியவர்களைப் பார்த்தாள், மகளின் கன்னத்தைத் தொட்டாள். முதல் வார்த்தையாக அதைத்தான் கேட்டாள்.

"எத்தன நாளு?"

"அஞ்சு நாள் லீவு போட்டிருக்கேம்மா."

"லீவக் கேக்கலடி. எல்லையில எத்தன நாளைக்கு விட்டாங்க?"

கலாவின் முகம் ஒரு கணம் என்னவோ போல ஆனது.

"முப்பது நாள்மா."

வீட்டுக்கு வந்தோம். அத்தை முறுக்கு பிழிந்தாள், எண்ணெய் சரியில்லை என்று திட்டினாள், பக்கத்து வீட்டு விளக்கைப் பார்த்து இது கரண்டா பேட்டரியா என்று சந்தேகப்பட்டாள். பழைய அத்தை திரும்பி வந்துவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் ஸ்டோர் தூளில் கெட்டியாகத் தேத்தண்ணி போட்டு எல்லாருக்கும் ஊற்றினாள். கலாவின் குவளையை நீட்டும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"எத்தன நாளுன்னு சொன்ன?"

"முப்பதும்மா."

இரண்டும் ஒரே எடை. எனக்குத் தெரிந்த அத்தை அதோடு "செரி" சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முறுக்கைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழியில் எடை குறையும், கூட மட்டும் வரவே வராது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, மகளின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"எத்தன நாளும்மா?"